மூக்குக்குள் திராட்சை

சோப்புக் கம்பெனியில் அவளுக்குப் பெரியமூக்கு என்று பெயர். பார்வைக்கு அவளுடையது சின்ன மூக்குதான். ஆனால் அவள் வேலை அப்படி. அன்றன்றைக்குக் காய்ச்சி வார்த்த சோப்பில் ஒரு துண்டைச் சீவி, மூடி போட்ட கண்ணாடிக் குப்பியில் அடைத்து அவள் மேசைக்குக் கொண்டுவந்து வைப்பார்கள். அவள் திறந்து முகர்ந்து பார்த்து "சரி" என்று எழுதினால் அந்தச் சோப்பு உறையைப் போட்டுக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பும். "கூடாது" என்று எழுதினால் வந்த வழியே அண்டாவுக்குத் திரும்பும்.

ஒரு மூக்கை மட்டும் நம்பக் கூடாது என்பது கம்பெனியின் சட்டம். அதனால் எதிர் நாற்காலியில் இன்னொருத்தி உட்கார்ந்து அதே குப்பிகளை முகர்வாள். அவளுக்குச் சின்னமூக்கு என்று பெயர். அவள் அந்நியமில்லை, பெரியமூக்கின் நாத்தனார். கணவனோடு கூடப்பிறந்த ஒரே தங்கை. ஆறு வருடத்துக்கு முன் மேலாளரிடம் நாலு தடவை நடந்து, இந்த நாற்காலியை அவளுக்கு வாங்கிக்கொடுத்ததே அண்ணிதான்.

இப்படிப்பட்ட பெரியமூக்கு ஒருநாள், பல்வலி என்று கம்பெனியில் பொய் சொல்லி அரைநாள் லீவு வாங்கிக்கொண்டு, வீட்டிலும் மூச்சு விடாமல், காது மூக்குத் தொண்டை டாக்டரின் அறையில் போய் உட்கார்ந்தாள்.

"என்ன பண்ணுது?" என்றார் டாக்டர். கைகள் சுறுசுறுவென்று வேலை செய்யும் நடுவயதுப் பெண்மணி.

"மூக்கு அடைச்சே கெடக்கு டாக்டர். வாயாலதான் மூச்சு விடறேன். நான் விடற குறட்டையில வீட்டுக்காரரு தலகாணியைத் தூக்கிட்டு ஹாலுக்குக் குடிபோயிட்டாரு."

"சளி?"

"தண்ணியா தொண்டைக்குள்ளயே இறங்குது."

"வாசனை தெரியுதா?"

அவள் கைப்பையின் வாரைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினாள். "கொஞ்சம் கம்மி."

டாக்டர் மரத்துப்போகும் மருந்தை மூக்கில் பீய்ச்சி, சிறிது நேரம் பொறுத்து, முனையில் கேமரா வைத்த மெல்லிய குழாயை உள்ளே விட்டார். பக்கத்துத் திரையில் ஒரு குகை தெரிந்தது. சிவந்த சுவர், ஈரம், இரண்டு மயிர். அதைத் தாண்டியதும் வழியே இல்லை. உரித்த திராட்சைகளைக் கொத்தாக அடைத்து வைத்ததுபோல வெளிறிய உருண்டைகள் பளபளவென்று தொங்கிக்கொண்டிருந்தன. அடுத்த துவாரத்திலும் அப்படியே.

"அய்யோ, என்ன டாக்டர் அது?"

"பாலிப்னு சொல்வோம். மூக்குச் சதை. பயப்படாதீங்க, இது புத்துநோய் இல்ல. உள்தோல் வருஷக்கணக்கா வீங்கி வீங்கி, கடைசியில இப்படித் தொங்கிடுது. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கறது ஒரு வகையில நிம்மதி. ஒரு பக்கம் மட்டும் இருந்திருந்தா நான் துண்டு வெட்டி சோதனைக்கு அனுப்பியிருப்பேன். எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துருவோம்."

நீங்களும் பயப்படாதீர்கள். இந்தக் கதையில் யாரும் சாகப்போவதில்லை. சாகாமலே சிலது நடக்கும், அதுதான்.

டாக்டர் மூன்று சின்னப் புட்டிகளை எடுத்தார். கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொன்றாக மூக்கருகே பிடித்தார். முதலாவதற்கு அவள் "எலுமிச்சை" என்றாள். இரண்டாவதற்கு "கிராம்பு". மூன்றாவதற்குக் கொஞ்சம் யோசிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு "ரோஜா" என்றாள்.

"முதல்ல குடுத்தது காப்பித்தூள். ரெண்டாவது எலுமிச்சை. மூணாவது வெறும் தண்ணி," என்றார் டாக்டர். "என்ன வேலை பாக்கறீங்க?"

"சோப்புக் கம்பெனியில."

"அங்க என்ன வேலை?"

"மோந்து பாக்கற வேலை."

டாக்டர் பேனாவை மூடிக் கீழே வைத்தார். சிரிக்கக் கூடாது என்று அவர் பட்ட பாடு கன்னத்தில் தெரிந்தது.

"எத்தனை நாளா வாசனையே இல்ல? என்கிட்ட உண்மையைச் சொல்லலாம்."

"ரெண்டு வருஷம்."

"ரெண்டு வருஷமா எதை மோந்து என்னம்மா எழுதினீங்க?"

"எதிர்ல என் நாத்தனார் இருக்கா டாக்டர். அவ பாத்துப்பா." சொல்லும்போது அவள் குரலில் ஒரு பெருமை.

டாக்டர் தினமும் உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவச் சொன்னார். ஸ்ப்ரே ஒன்று எழுதி, நடுச்சுவரைப் பார்த்து அடிக்காமல் காதுப்பக்கம் சாய்த்து அடிக்க வேண்டும் என்று செய்து காட்டினார். கூடவே பத்து நாளைக்கு ஸ்டீராய்டு மாத்திரை.

"மாத்திரையில சதை சுருங்கும். வாசனை திரும்பி வந்தாலும் வரும். வந்துடுச்சேன்னு ஆடிடாதீங்க, மாத்திரை நின்னதும் போயிடலாம். அதை வருஷம் பூரா குடுக்கவும் முடியாது, உடம்பைக் கெடுத்துரும். உங்களுக்கு இருக்கற அளவுக்கு ஆபரேஷன் பண்ணி எடுக்க வேண்டி வரும்னுதான் நினைக்கிறேன். ஸ்கேனைப் பாத்துட்டு முடிவு பண்ணுவோம்."

"ஆபரேஷன் பண்ணா வேலையைக் காப்பாத்திக்கலாமா டாக்டர்?"

"மூக்கைத் திறந்து குடுக்கறது என் வேலை. வாசனை எவ்வளவு திரும்பும்னு நான் சத்தியம் பண்ண முடியாது."

ஆக, அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, அந்த நாற்காலி. இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்த நாற்காலி. அடுத்த மாதம் தலைமை முகர்வாளர் ஓய்வு பெறுகிறார். அந்த இடம் அவளுக்குத்தான் என்று கம்பெனியில் வாசல்காரர்வரை எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

முகரும் அறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜன்னல் இல்லாத வெள்ளை அறை. பூ வைத்துக்கொண்டு வரக் கூடாது, வாசனை எண்ணெய் தடவக் கூடாது, வெங்காயம் தின்றுவிட்டு வரக் கூடாது. பேசவும் கூடாது. ஒரு குப்பியை முகர்ந்தபின் தன் முழங்கை மடிப்பை ஒருமுறை முகர்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, அடுத்ததைத் திறக்க வேண்டும். பதிவேடு ஒன்று, அதில் பத்தி இரண்டு. ஒருத்தி எழுதியது மற்றவளின் மூக்கைக் கெடுத்துவிடுமாம். அதனால் ஒவ்வொரு பத்திக்கும் ஒரு மடக்கு அட்டை. எழுதிய கையோடு அவரவர் அட்டையை மூடிவிட வேண்டும். மேலாளர் மட்டுமே திறக்கலாம். ஜலதோஷம் பிடித்தவள் தன் பத்தியில் "சளி" என்று எழுதிவிட்டால் போதும். அன்றைக்கு அந்தக் குப்பிக்கு அடுத்தவளின் ஒற்றைக் கையெழுத்தே செல்லும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள், தீய்ந்துபோன சோப்புக்குப் பெரியமூக்கு "சரி" போட்டுவிட்டாள். சின்னமூக்கு "கூடாது" போட்டிருந்தாள். மேலாளர் கூப்பிட்டு விசாரித்தபோது சின்னமூக்கு முந்திக்கொண்டு, "எனக்குத்தான் தலைவலி சார், திரும்பப் பாக்கறோம்" என்று சமாளித்தாள். பிறகு கை கழுவும் இடத்தில் அண்ணியைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, உங்களுக்கு ஒண்ணுமே தெரியலையா?"

அண்ணி அழுதுவிட்டாள்.

"அட, எதுக்கு அழுவறீங்க? நான் எதுக்கு இருக்கேன்? பென்சிலால மேசையில ஒரு தட்டு தட்டினா சரி, ரெண்டு தட்டினா கூடாது. இனிமே நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு. போதுமா?"

போதும் என்றுதான் அண்ணி நினைத்தாள். அன்றிலிருந்து குப்பியைத் திறப்பாள், கண்ணை மூடிக்கொண்டு பக்தியோடு காற்றை இழுப்பாள், பென்சில் தட்டும் சத்தத்துக்குக் காது கொடுப்பாள், எழுதுவாள். நடுவில் நாலைந்து தடவை கடைக்காரர்களிடமிருந்து புகார் வந்தது, சோப்பில் வாடை சரியில்லை என்று. வெயிலில் அடுக்கி வைத்திருப்பார்கள் என்று அவளே மேலாளருக்குச் சமாதானம் சொல்லி அனுப்பினாள்.

மாத்திரை தொடங்கிய நாலாம் நாள் காலை. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கையை நிறுத்தினாள். எங்கிருந்தோ ஏதோ ஒன்று வந்து மூக்கைத் தொட்டது. தேய்க்கிற நாரின் ஊசல் வாடை! அந்த அழுகிய நாரை மூக்கோடு வைத்துக்கொண்டு நின்றாள். அப்புறம் வீடு முழுக்க ஒரு ஊர்வலம். ஈரச் சுவர், பழைய செய்தித்தாள், கணவன் கழற்றிப் போட்ட சட்டையின் வேர்வை, கதவு இடுக்கின் துரு, எல்லாவற்றையும் முகர்ந்தாள். பார்த்தவர்கள் இருந்திருந்தால் பிடித்துக் கட்டிப்போட்டிருப்பார்கள்.

யாரிடமும் சொல்லவில்லை. நாத்தனாரிடம் முதலில் சொல்ல வேண்டும், அதுவும் சும்மா சொல்லக் கூடாது, பென்சில் தட்டுமுன்னே எழுதிக் காட்டி அவளைத் திகைக்க வைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டாள். சீக்கிரமே கம்பெனிக்குப் போனாள். நேரம் இருந்தது. அறையின் மூலையில், ஒவ்வொரு நாள் சோப்பிலும் ஒரு குப்பியை ஒரு வருடத்துக்குப் பாதுகாத்து வைக்கும் அலமாரி. எல்லாம் அவள் "சரி" போட்டது, ஒன்றைக்கூட அவள் முகர்ந்ததில்லை. விட்டதையெல்லாம் பிடித்துவிடுகிற ஆசையில் ஒவ்வொன்றாகத் திறந்தாள். மல்லிகை மல்லிகையாக இருந்தது. சந்தனம் சந்தனமாக இருந்தது. விருந்துக்கு வந்தவள்போல அடுத்தது அடுத்தது என்று போனாள்.

ரோஜாச் சோப்புக் குப்பி ஒன்றைத் திறந்தபோது உள்ளிருந்து எலுமிச்சை அடித்தது.

மறுபடி முகர்ந்தாள். எலுமிச்சையேதான், ரோஜாவின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. முதல் நாள் எலுமிச்சைச் சோப்பு காய்ச்சிய அண்டாவைக் கழுவாமல் ரோஜாவை ஊற்றியிருக்கிறார்கள். நாள்பட்டுக் கெட்ட வாடையென்றால் அலமாரியைக் குறை சொல்லலாம். அலமாரிக்குள் எலுமிச்சை எப்படிக் காய்க்கும்? இது பிறந்தபோதே இப்படித்தான் பிறந்தது. சின்னமூக்குக்கு இது தெரியாமல் போகுமா? கைக்குழந்தைகூட முகத்தைச் சுளிக்குமே. இன்னும் தேடினாள். வருடம் முழுவதிலும் அந்த ரோஜாவோடு சேர்த்து நாலு குப்பிகள் அகப்பட்டன. மற்றதில் ஒன்று தீய்ந்தது, ஒன்றில் கெட்டுப்போன எண்ணெயின் சிக்கு வாடை, ஒன்றில் வாசனைத் திரவியமே ஊற்றவில்லை.

'யாருக்குத்தான் தப்பு வராது? வருடத்துக்கு நாலுதானே?' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் வாய் தானாக மூடிக்கொண்டது. சின்னமூக்கு வந்து, "என்ன அண்ணி, இன்னைக்குச் சூரியனையே நீங்கதான் எழுப்பி விட்டீங்களா?" என்றபோது சிரித்து வைத்தாள்.

மூன்று நாள் அப்படியே ஓடியது. பென்சில் தட்டியது, அவளும் முகர்ந்தாள். தட்டியதும் முகர்ந்ததும் ஒத்துப்போயின. சே, தங்கமான பெண்ணைச் சந்தேகப்பட்டோமே என்று அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் நாத்தனாருக்கு ஒரு ரவிக்கைத் துணி வாங்கிக்கொண்டாள். நாளைக்குச் சொல்லிவிடலாம்.

மறுநாள் மேசையில் ஐந்து குப்பிகள். மூன்றாவதைத் திறந்ததும் அவள் மூக்குக்குள் ஒரு கரி அடுப்பு புகைந்தது. நன்றாக அடிப்பிடித்த சோப்பு. எதிரே சின்னமூக்கு அதே குப்பியை வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள். அவள் இமை ஒரே ஒரு தடவை துடித்தது. குப்பியை மூடினாள். தன் பத்தியில் எழுதி, அட்டையை மடக்கி, பதிவேட்டைத் தள்ளினாள். பிறகு பென்சிலை எடுத்தாள்.

டக்.

ஒரு தட்டு. பெரியமூக்கு காத்திருந்தாள். இரண்டாவது தட்டு வரும், இதோ வரும் என்று பென்சிலின் முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பென்சில் படுத்துவிட்டது.

அவள் தன் பத்தியில் "கூடாது" என்று எழுதினாள். எழுதிவிட்டு, இருபத்திரண்டு வருடத்தில் முதன்முறையாக, அடுத்தவள் அட்டையைத் தூக்கிப் பார்த்தாள்.

"சளி" என்று எழுதியிருந்தது.

முத்து முத்தான கையெழுத்து. தும்மலில்லை, மூக்குறிஞ்சலில்லை, நல்ல தெளிந்த முகத்தோடு எதிரே உட்கார்ந்திருந்தாள் சளிக்காரி.

அந்த அறையில் பேசக் கூடாது. முதலில் பேசியது சின்னமூக்குதான். "எப்ப வந்துச்சு?"

"நாலு நாளாச்சு."

"சொல்லவே இல்ல?"

"நீ சொன்னியா?"

சின்னமூக்கு குப்பியைச் சுற்றிச் சுற்றி உருட்டினாள். அப்புறம் தலையைத் தூக்கினாள். "ரெண்டு வருஷம் அண்ணி. ரெண்டு வருஷமா உங்க மூக்கையும் நானே சுமந்தேன். எனக்கு உடம்பு சரியில்லன்னாகூட லீவு போட முடியாது, நீங்க மாட்டிக்குவீங்களேன்னு. ஒருதரம், ஒரே ஒருதரம், 'உனக்குக் கஷ்டமா இருக்கா'ன்னு கேட்டீங்களா? கடைசியில தலைமை நாற்காலியும் உங்களுக்கே. மோந்து பாக்கறது நான், பேரு உங்களுக்கு."

"கேட்டிருக்கலாம். நான் கேக்கல, அது என் தப்பு. முடியலன்னு நீ என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம்ல?"

"நானா வாயைத் திறந்து உங்களைக் கிளப்ப மனசு வரல. அதுவா தெரியட்டும்னு விட்டேன்."

"அதுவா தெரியணும்னா சும்மா இருந்திருக்கணும் நீ. தட்டாம இருந்திருந்தா நான் முழிச்சிருப்பேன், மாட்டியிருப்பேன், சரி. தட்டினியேடி! 'நல்லா இருக்கு அண்ணி, போடுங்க கையெழுத்து'ன்னு தட்டினியே!"

சின்னமூக்கு பென்சிலை மேசை ஓரத்துக்கு உருட்டிவிட்டாள். தப்பிக்க வேறு கதவு இல்லாதவள்போல, "அண்ணனுக்கும் தெரியும்," என்றாள்.

சாயங்காலம் கணவன் வந்து காலணியைக் கழற்றும்வரை அவள் பொறுத்தாள். அவன் மின்வேலைக்காரன். கம்பிச் சுருளைத் தோளிலிருந்து இறக்கக்கூட விடவில்லை.

"ஏங்க, உங்க தங்கச்சி என் பேர்ல கெட்ட சோப்பை அனுப்பறது உங்களுக்குத் தெரியுமா?"

அவன் கம்பிச் சுருளைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். "உனக்கு வாசனை போனது அப்பவே தெரியும். அவதான் சொன்னா."

"நான் கேட்டது அது இல்ல."

"போன வருஷம் சொன்னா. வேணாம்மான்னுதான் சொன்னேன். கேக்கல. நான் என்ன பண்றது, அவ என் தங்கச்சி."

"நான் யாரு?"

அவன் சுருளைப் பிரித்தான், சுற்றினான். இரண்டு வருடமாக அவன் தினமும் அடுப்பின் வாயுக்குழாயைத் தானே மூடியது அவளுக்கு ஞாபகம் வந்தது. பால் பொங்கித் தீயும்போதெல்லாம் அவள் கூப்பிடாமலே எழுந்து ஓடி வந்ததும். எவ்வளவு அக்கறை என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் பீற்றிக்கொண்டிருந்தாளே! அக்கறைதான், இல்லையென்று சொல்ல முடியாது. அவளை நெருப்பிலிருந்து காப்பாற்றியவன், தங்கை வைத்த நெருப்பை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான்.

"வேலை போனா வீட்டுல நிம்மதியா இருப்பேன்னு நினைச்சேன்," என்றான் கடைசியாக.

"யாரு நிம்மதியா?" என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

மாத்திரை இன்னும் இரண்டே நாளைக்கு இருந்தது. அதன்பின் வாசனை போனாலும் போகும். சும்மா இருந்தால் எல்லாம் பழையபடி மூடி மறைந்துவிடும், ஆனால் இனி யார் தட்டுவதை நம்பி அவள் எழுதுவாள்? மறுநாள் காலை அலமாரியிலிருந்து அந்த நாலு குப்பிகளையும் எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனாள்.

"இதெல்லாம் நான் சரின்னு எழுதினது சார். ஒண்ணையும் மோந்து பாத்து எழுதல. எனக்கு மூக்குக்குள்ள சதை வளந்திருக்கு. ரெண்டு வருஷமா வாசனை கிடையாது."

மேலாளர் பழைய பதிவேடுகளை எடுத்து, அட்டைகளைத் திறந்தார். அந்த நாலு குப்பிக்கும் எதிர்ப் பத்தியில் "சளி". அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கே கொஞ்சம் அவமானமாக இருந்தது. திறந்து பார்க்க வேண்டியவர் அவர்தானே.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா அடுத்த மாசம் தலைமை நாற்காலி உங்களுக்குத்தாம்மா."

"தெரியும் சார்."

இருவரையும் மேசையை விட்டு எழுப்பினார்கள். பெரியமூக்கு கையெழுத்துப் போட்ட குற்றத்துக்கும் சின்னமூக்கு போடாத குற்றத்துக்கும் ஒரே தண்டனை, உறை போடும் பகுதி. தலைமை நாற்காலிக்கு வேறு ஊரிலிருந்து ஓர் ஆள் வந்தார். மூக்கு சரியானால் மறுபடி தேர்வுக்கு வரலாம் என்று மட்டும் பெரியமூக்கிடம் சொன்னார் மேலாளர்.

டாக்டர் சொன்னது பலித்தது. மாத்திரை முடிந்த மூன்றாம் வாரம் உலகம் மறுபடி ஊமையாகிவிட்டது. ஸ்கேனில் கன்னத்து எலும்பறைகள்வரை சதை அடைத்திருந்தது. ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். வெளியே ஒரு கீறல் இல்லாமல் மூக்கின் வழியாகவே எல்லாவற்றையும் எடுத்தார்கள். அடுத்த சில வாரங்கள் உப்புத் தண்ணீர், ஸ்ப்ரே, பொருக்கைச் சுத்தம் செய்ய டாக்டரிடம் நடை. கணவன் கூடவே வந்தான், மருந்துச் சீட்டை அவனே வைத்துக்கொண்டான், தொட்டதற்கெல்லாம் "வலிக்குதா" என்று கேட்டான். அவள் கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். அவள் குறட்டை நின்றுவிட்டது. அவன் தலையணை மட்டும் ஹாலிலிருந்து திரும்பவில்லை. அவள் கூப்பிடவில்லை.

மூன்று மாதம் கழித்துத் தேர்வு வைத்தார்கள். பத்துக் குப்பிகள், எதிரே யாருமில்லை. எட்டைச் சரியாகச் சொன்னாள். தேறுவதற்கு எட்டு போதும். இரண்டைத் தவற விட்டபோது ஊகித்து எழுதாமல் "தெரியவில்லை" என்று எழுதியிருந்தாள். பழைய நாற்காலி கிடைத்தது, தலைமை நாற்காலி இல்லை.

"சதை திரும்ப வளரலாம்," என்று டாக்டர் எச்சரித்தார். "ஸ்ப்ரேயை நிறுத்தாதீங்க. வாசனை குறையுதுன்னு தோணின அன்னைக்கே வாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு வராதீங்க."

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை சின்னமூக்கு வீட்டுக்கு வந்தாள். உறை போடும் பகுதியின் பசை அவள் விரல் நகங்களில் காய்ந்திருந்தது. கணவன் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு நழுவினான். இரண்டு பேரும் சமையலறையில் நின்றார்கள்.

"அண்ணி, எங்கூடப் பேசவே மாட்டீங்களா?"

"பேசிட்டுத்தானே இருக்கேன். உக்காரு, டீ போடறேன்."

"கோவம் போகலையா?"

பெரியமூக்கு பாலை அடுப்பில் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே நின்றாள். "கோவம் எல்லாம் எப்பவோ போயிடுச்சு. நீ வா, போ, சாப்பிடு. இது உங்க அண்ணன் வீடு, நான் தடுக்க முடியாது. எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் செய். இனிமே என்கிட்ட எதையும் நல்லா இருக்குன்னு சொல்லாத. நீ சொன்னா அது நல்லா இருக்கா இல்லையான்னு நான் மறுபடி பாக்க வேண்டியிருக்கு. வயசாவுது, அதுக்கெல்லாம் தெம்பில்ல."

சின்னமூக்கு தலையைக் குனிந்துகொண்டாள். டீயைக் கொடுத்தாள் அண்ணி. அவள் ஒரு வாய் உறிஞ்சினாள். பழக்கதோஷத்தில் முகம் மலர்ந்து, வாயைத் திறந்தாள். அண்ணி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சின்னமூக்கு வாயை மூடிக்கொண்டு, டம்ளரில் கண்ணை வைத்தபடி, மிச்ச டீயைச் சத்தமில்லாமல் குடித்து முடித்தாள்.